கஞ்சி கொட்டிய தழும்புக்கு ரத்த ஊசியா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. சோறு வடிக்கும்போது தட்டு நழுவி, கொதிக்கிற கஞ்சி வலது முன்கையில் கொட்டிவிட்டது. புண் ஆறவே ஐந்து வாரம் ஆனது. இப்போது ஏழு மாதம். தழும்பு சிவந்து தடித்து, ராத்திரியெல்லாம் அரிக்கிறது. ஒரு கிளினிக்கில், ‘பி.ஆர்.பி. போட்டால் சுத்தமாகப் போய்விடும், ஒரு தடவைக்கு 6,000 ரூபாய், ஆறு தடவை’ என்கிறார்கள். அவளுக்கு ரத்தம் கம்மி. என் ரத்தத்தை எடுத்துப் போடலாமா டாக்டர்?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: உங்கள் ரத்தம் வேண்டாம் அம்மா. பி.ஆர்.பி. என்றால் தட்டணுக்கள் (பிளேட்லெட்) நிறைந்த பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. இதற்கு அவளுடைய ரத்தம்தான் எடுப்பார்கள், அதுவும் 10 முதல் 20 மில்லி. நாலு டீஸ்பூனுக்கு மேல் போகாது. அதைக் குழாயில் ஊற்றி மெஷினில் வேகமாகச் சுழற்றுவார்கள். நின்றதும் தூக்கிப் பார்த்தால் அடியில் மருதாணிச் சிவப்பு, அதன்மேல் பாலாடை மாதிரி மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு, அதற்கும் மேலே நல்லெண்ணெய் நிறத்தில் பிளாஸ்மா. அந்தக் கோட்டை ஒட்டித்தான் தட்டணுக்கள் நிறைய இருக்கும். காயம் பட்ட இடத்தில் புதுத் தோலும் ரத்தக் குழாய்களும் வளரத் தூண்டும் புரதங்கள் அவற்றுக்குள் இருக்கின்றன. தட்டணுக்கள் நிறைந்த அந்தப் பிளாஸ்மாவைத் தழும்புக்குள் ஊசியாகப் போடுவார்கள். பல இடங்களில் லேசரோடு சேர்த்து.

பலன் உண்டா? சிலருக்குத் தழும்பு கொஞ்சம் மிருதுவாகிறது. ஆனால் தீக்காயத் தழும்பில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. தயாரிக்கும் முறையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ‘சுத்தமாகப் போய்விடும்’ என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். எந்தத் தழும்பும் சுத்தமாகப் போகாது.

எனக்கும் ஒன்று இருக்கிறது. தண்டையார்பேட்டையில் அப்பாவின் இஸ்திரிக் கடையில், எட்டு வயதில் கரிப்பெட்டியின் மேல் கை வைத்துவிட்டேன். அம்மா பதறிப்போய் ஒரு பாட்டில் இங்க்கைக் கவிழ்த்தார். (குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டியிருக்க வேண்டும். இங்க், பேஸ்ட், இட்லி மாவு எதுவும் கூடாது.) ஒன்றரை வருஷம் சிவப்பாகவே இருந்தது. அப்புறம் தானாக வெளுத்துத் தட்டையானது.

மூன்று வாரத்தைத் தாண்டி ஆறிய புண் தடிப்பது வழக்கம். ஏழு மாதத் தழும்பு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிற தழும்பு. அந்தச் சிவப்பும் அரிப்பும் அதற்கு அடையாளம். எனவே 36,000 ரூபாயை இப்போதைக்கு முந்தானையிலேயே முடிந்து வையுங்கள். முதலில் தழும்பின் மேல் ஒட்டும் சிலிகோன் ஷீட். தினமும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், குறைந்தது மூன்று மாதம். நம் ஊர் வேர்வைக்கு ஷீட்டின் அடியில் தோல் கொப்புளிக்கலாம். தினம் கழற்றி ஷீட்டையும் கையையும் கழுவித் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். முன்கைக்கு அளவெடுத்துத் தைத்த அழுத்த உறை தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள். வாசனை இல்லாத க்ரீம் தடவிக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். வெயிலில் முழுக்கைச் சட்டை. அப்படியும் தடிப்பு அடங்காவிட்டால், தழும்புக்குள்ளேயே போடும் ஸ்டீராய்டு ஊசிதான் அடுத்தது. அதற்கும் பின்னால்தான் பி.ஆர்.பி.

எங்கே போட்டாலும் ஊசியும் குழாயும் உங்கள் கண்ணெதிரே புதுசாகப் பிரிக்கப்பட வேண்டும். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் 2018-ல் இதே முறையில் முகத்துக்குப் போட்டுக்கொண்ட சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. ரத்தம் கம்மி என்கிறீர்களே, அதைத் தனியாகப் பாருங்கள். ஹீமோகுளோபினும் தட்டணுவும் வேறு வேறு, இரண்டையும் ஒரே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம்.

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். மணிக்கட்டும் முழங்கையும் முழுசாக மடங்கி நீள்கின்றனவா? தோல் இழுத்துப் பிடித்தால் ரத்த ஊசியால் நீளாது. பயிற்சியும், தேவைப்பட்டால் ஆபரேஷனும்தான் வழி. அப்படி இருந்தால் தள்ளிப்போடாமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி.க்குக் கூட்டிப் போங்கள். உங்களுக்குப் பக்கம்தானே.