கூரையும் ஒழுகுது, சம்பளமும் ஒழுகுது!

பணம், கடன், குடும்பச் செலவு பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கான பகுதி.

கேள்வி: எங்கள் படுக்கையறை சீலிங்கில் இரண்டு வருடமாக ஈரம் தெரிந்தது. பெயின்ட் அடித்து மறைத்துக்கொண்டே வந்தோம். போன வாரம் ஒரு கை அகலத்துக்குக் காங்கிரீட் பெயர்ந்து கட்டில் மேலேயே விழுந்துவிட்டது, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிகிறது. நல்லவேளை யாரும் படுத்திருக்கவில்லை. பார்த்த கான்ட்ராக்டர் மேல்தளம், சீலிங், டைல்ஸ், பெயின்ட் எல்லாம் சேர்த்து 4 லட்சம் ஆகும் என்கிறார். ஏற்கெனவே வண்டிக் கடன், பெர்சனல் லோன், போனுக்கு வாங்கிய கடன் (இன்னும் 5 தவணை பாக்கி) என்று மூன்று ஓடுகிறது, போதாததற்குக் கிரெடிட் கார்டில் மினிமம் மட்டும் கட்டி வருகிறோம். சம்பளத்தில் நூற்றுக்கு 45 தவணைக்கே போய்விடுகிறது. ஒரு ஏஜென்ட் 4 லட்சத்தை 10% வட்டியில் 3 வருடத்துக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். என் கணவர் வாங்கிவிடலாம் என்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

பதில்: முதலில் அந்த அறையில் யாரும் படுக்காதீர்கள். கடனைப் பற்றி நாளைக்குக்கூடப் பேசிக்கொள்ளலாம், இது இன்றைக்கே. கட்டிலை வெளியே எடுங்கள், தளத்தின் மேல் தார்ப்பாய் விரித்து ஓரங்களில் கனம் வையுங்கள், ஈரம் மின்விசிறிக் கொக்கி பக்கமோ சுவிட்ச் பக்கமோ இறங்கியிருந்தால் அந்த அறைக்கு வரும் மின் இணைப்பை நிறுத்திவிடுங்கள். சீலிங் தொய்ந்த மாதிரி தெரிந்தால் முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவு அந்த 4 லட்சத்தில் ஒரு துளிதான். ஆனால் இது உங்களுக்கு இரண்டு மூன்று வாரம் நிதானமாக யோசிக்க நேரம் வாங்கித் தரும், அவசரத்தில் வாங்கும் கடன்தான் பெரும்பாலும் விலை அதிகமான கடன்.

அடுத்து, அந்த 4 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். மேலிருந்து இறங்கும் தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது, துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அது உள்ளிருந்து நெம்பித் தள்ளுவதால்தான் காங்கிரீட் பெயர்ந்து விழுகிறது. அதனால்தான் நீங்கள் இரண்டு வருடமாக அடித்த பெயின்ட் எதற்கும் உதவவில்லை. வேலை நடக்க வேண்டிய வரிசை இதுதான்: மேலே தண்ணீர் இறங்குவதை நிறுத்துவது, கீழே தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்கும் காங்கிரீட்டைக் கொத்தி எடுப்பது, கம்பியைச் சுரண்டித் துருத்தடுப்புப் பூசுவது, அப்புறம் ரிப்பேர் கலவை போட்டு மூடுவது. அவசரம் அதோடு முடிந்தது. டைல்ஸும் பெயின்ட்டும் அடுத்த வருடம் வரை காத்திருக்கும், அவற்றுக்கு வட்டி கட்டாதீர்கள்.

கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை ஒரு சிவில் இன்ஜினீயர் வந்து பார்க்கட்டும். அவருக்குக் கொடுக்கும் ஃபீஸ் தண்டம் என்று நினைக்காதீர்கள், இந்த விஷயத்தில் உங்களிடம் வேலை எதையும் விற்க வராத ஒரே ஆள் அவர்தான். அவர் எழுதிக் கொடுப்பதை வைத்து மூன்று பேரிடம் விலை கேளுங்கள். பொருள் தனி, கூலி தனி என்று எழுதித் தரச் சொல்லுங்கள், மொத்தமாக ஒரு எண் சொல்பவரிடம் எதையும் குறைக்க முடியாது. கொத்த ஆரம்பித்த பிறகு சேதம் கூடுதலாகத் தெரிவது சகஜம், அதனால் அவர்கள் சொல்லும் தொகைக்கு மேல் 15% ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்து 2 லட்சத்தில் நிற்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்.

சரி, இப்போது அந்த ஏஜென்ட். 10% என்று சொன்னாரே, அது எந்த 10% என்று கேட்டீர்களா? தவணை மாதம் 14,444 என்று சொல்லியிருந்தால் அது ஃப்ளாட் வட்டி. 4 லட்சத்துக்கு வருடம் 40,000 வீதம் 3 வருடத்துக்கு 1,20,000 வட்டி, ஆக மொத்தம் 5,20,000, அதை 36-ஆல் வகுத்தால் வரும் தொகை அது. இதில் உள்ள சூது என்னவென்றால், மாதாமாதம் நீங்கள் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரைக்கும் முழு 4 லட்சத்துக்கும் வட்டி வாங்குகிறார்கள். பாக்கி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் கணக்கிட்டால் இது ஏறக்குறைய 18% கடன். பிராசசிங் ஃபீஸ், கூடவே தலையில் கட்டும் இன்ஷூரன்ஸ் என்று பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கையில் கொடுப்பார்கள் என்றால் இன்னும் ஏறும். வட்டி எத்தனை சதவீதம் என்று கேட்பதை விட்டுவிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: என் கையில் வருவது எவ்வளவு, நான் மொத்தமாகத் திருப்பிக் கட்டப்போவது எவ்வளவு? எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். கடன் கொடுக்கும் முன்பே 'முன்பணம் கட்டுங்கள்' என்றால் அது கடனே அல்ல, மோசடி.

இன்னொன்று, நீங்கள் போகிற போக்கில் சொன்ன கிரெடிட் கார்டு. எனக்கு உங்கள் சீலிங்கைவிட அதுதான் பயமாக இருக்கிறது. மாதம் 3% வட்டி என்றால் கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும், வட்டிக்கு வட்டி சேர்ந்து வருடத்துக்கு 42.6% ஆகிவிடும். மினிமம் கட்டுவதில் பெரும்பகுதி வட்டிக்கே போகும், அசல் அசையாது. ரிப்பேருக்கு அந்தக் கார்டைத் தொடவே கூடாது.

அப்படியானால் 2 லட்சம் எங்கிருந்து? முதலில் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா பாருங்கள். வருடக்கணக்காக ஊறிய சேதத்துக்குப் பெரும்பாலும் கிடைக்காது, ஆனாலும் வேலை தொடங்கும் முன் போட்டோ எடுத்துவைத்துக் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. சேமிப்பு ஏதாவது இருந்தால் ஒரு மாதச் செலவுக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை இதில் போடுங்கள், அவசரத்துக்கு என்று வைத்திருந்தது இதற்குத்தானே. பிறகு வேலை செய்யும் இடத்தில் முன்பணம் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும்தான், ஆனால் பல இடங்களில் வட்டியில்லாமல் கிடைக்கும். அதற்கும் பிறகுதான் பெர்சனல் லோன் கொடுத்தவரிடமே டாப்-அப் (அதே கடனின் மேல் கூடுதல் தொகை) கேட்பது. ஒழுங்காகக் கட்டி வருகிறீர்கள் என்பது அவர்கள் கணக்கிலேயே இருக்கிறது, புது ஆளிடம் போவதைவிட வட்டி குறைய வாய்ப்பு உண்டு. ஒரே வாரத்தில் ஐந்து இடத்தில் விண்ணப்பிக்காதீர்கள், ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கடன் வரலாற்றில் பதிவாகும், பார்ப்பவர்களுக்கு நீங்கள் தவிப்பது தெரிந்துவிடும்.

எத்தனை வருடத்துக்கு வாங்குவது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 2 லட்சம், 14% வட்டி, பாக்கி அசலுக்கு மட்டும் வட்டி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 2 வருடம் என்றால் தவணை சுமார் 9,600, மொத்த வட்டி 30,500. 5 வருடம் என்றால் தவணை 4,650-தான், ஆனால் வட்டி 79,000-ஐத் தாண்டும். தவணை பாதியாகக் குறைந்ததே என்று சந்தோஷப்பட்டால், சீலிங்கைக் கிட்டத்தட்ட ஒன்றரைத் தடவை கட்டிய மாதிரி ஆகிவிடும். நடுவில் 3 வருடம், தவணை 6,840 பக்கம், வட்டி 46,000. உங்களுக்கு நான் சொல்வது இந்த 3 வருடம்தான், ஒரு நிபந்தனையோடு: முன்கூட்டியே அசலைக் கட்டினால் அபராதம் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். 5 மாதத்தில் போன் கடன் முடிகிறது அல்லவா, அந்தத் தவணைப் பணத்தை வீட்டுச் செலவில் கரைய விடாமல் முதலில் கார்டுக்கும், கார்டு அடைந்ததும் இந்தப் புதுக் கடனுக்கும் திருப்புங்கள்.

புதுத் தவணையும் சேர்ந்தால் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும் என்றால், கடன் வாங்குவதற்கு முன்பே வண்டிக் கடன்காரரிடம் பேசி மீதித் தவணைகளை நீட்டிக்க முடியுமா என்று கேளுங்கள். தவணை தவறுவதற்கு முன் கேட்டால் வாடிக்கையாளர், தவறிய பிறகு கேட்டால் பாக்கிதாரர். மரியாதையே வேறு.

கான்ட்ராக்டருக்கு மொத்தத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். கொஞ்சம் அட்வான்ஸ், பொருள் வந்து இறங்கியதும் ஒரு பங்கு, பாதி வேலையில் ஒரு பங்கு, கடைசிப் பங்கு ஒரு நல்ல மழையைப் பார்த்த பிறகு. தளத்தில் தண்ணீர் தேக்கிச் சோதிக்கலாம் என்று யாராவது சொன்னால் இன்ஜினீயரைக் கேட்காமல் செய்யாதீர்கள், ஒரு அங்குலத் தண்ணீர் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 25 கிலோ கனம், பலவீனமான தளத்துக்கு அது வேண்டாத சுமை.

உங்கள் கணவரிடம் சண்டை போடாமல் இந்தக் கணக்கை மட்டும் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

கேள்வி: பாத்ரூம் குழாய் உடைந்து சுவர் முழுக்க ஊறிவிட்டது. இரண்டு மாத லோன் தவணையைக் கட்டாமல் விட்டு அந்தப் பணத்தில் சரிசெய்துகொள்ளலாமா? புதுக் கடனே வேண்டாம் பாருங்கள்.

பதில்: சொல்லாமல் விட்டால் அதுவும் கடன்தான், அபராதத்தோடு சேர்த்து. உங்கள் கடன் வரலாற்றில் கறையும் விழும். கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் கேட்டு இரண்டு மாதம் தள்ளி வைக்க ஒப்புக்கொண்டால் செய்யுங்கள், அந்த இரண்டு மாதத்துக்கும் வட்டி ஓடும் என்பதைத் தெரிந்துகொண்டு. அதுவரை மெயின் வால்வை மூடி வையுங்கள், குழாயை மட்டும் இப்போது மாற்றுங்கள். சுவர் எப்படியும் காய்ந்த பிறகுதான் பூச முடியும்.

கேள்வி: தம்பி வீட்டுக் கூரையை மாற்றக் கடன் வாங்குகிறான். ஏற்கெனவே அவனுக்கு இரண்டு கடன் இருக்கிறது. என்னை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறான். 'சும்மா ஒரு கையெழுத்துதானே அக்கா' என்கிறான்.

பதில்: சும்மா ஒரு கையெழுத்து என்றால் யாருமே கேட்க மாட்டார்களே! அவன் கட்டாவிட்டால் உங்களிடம்தான் வருவார்கள், நாளைக்கு நீங்கள் கடன் கேட்கப் போனால் இதையும் உங்கள் சுமையாகக் கணக்கில் எடுக்க வாய்ப்பு உண்டு. அவனுடைய முழுத் தவணையையும் நீங்களே கட்ட முடியும் என்றால் போடுங்கள். முடியாதென்றால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கக்கூடிய ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள்.