பழைய சுபாருவும் கரடுமுரடான பாதையும்: கேள்வி-பதில்

கேள்வி: 2.5 லிட்டர் எஞ்சின் கொண்ட 2001 சுபாரு பாரஸ்டர் வாங்கினேன். எஞ்சின் பளிச்சென்று இருந்தது. முதல் மலைப்பாதையிலேயே சூடேறி நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டதாம். விற்ற வியாபாரி போனை எடுப்பதில்லை.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், குற்றம் உங்களுடையதன்று. அந்தக் கால 2.5 லிட்டர் எஞ்சின்களில் ஹெட் கேஸ்கெட் கசிவது ஊரறிந்த குறை. சிலிண்டர்கள் இருபுறமும் படுத்த நிலையில் இருப்பதால், கசிவு பெரும்பாலும் ஹெட்டின் அடி விளிம்பில், வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தால்தான் தெரியும் இடத்தில் தொடங்குகிறது. விற்பதற்கு முன் அதைக் கழுவிவிட்டால் மேலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் புலப்படாது. எனக்கு விற்கப்பட்ட பழைய சுபாருவிலும் இதே வேலையைத்தான் செய்திருந்தார்கள்: ரேடியேட்டரைக் கழற்றியபோது, கசிவை அடைக்க ஊற்றிய மருந்து பழுப்புச் சேறாக உறைந்து கிடந்தது.

இருபக்க கேஸ்கெட்டுகளையும் ஒருசேர மாற்றுங்கள். பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டாக இருக்கட்டும். ஹெட் வளைந்திருக்கிறதா என்று அளந்து பார்த்து, தேவைப்பட்டால் ஃபேசிங் செய்யச் (அதன் பரப்பைச் சமமாகச் சீவச்) சொல்லுங்கள். வால்வுகளின் இயக்கத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் இப்போதே மாற்றிவிடுங்கள். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். பிரித்த பாகங்களைப் படமெடுத்து, மெக்கானிக்கிடம் எழுத்துமூல அறிக்கை பெற்று, வியாபாரிக்குக் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுங்கள்.

கேள்வி: முன்னால் மட்டும் இரண்டு டயர்கள் புதிதாகப் போட்டேன். பின்னால் உள்ளவை பாதி தேய்ந்தவை. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வண்டியில் டயர்களின் சுற்றளவு வேறுபட்டால், முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தளிக்கும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடேறும். கையேட்டைப் படித்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. பின்னால் உள்ள இரண்டையும் முன்னால் போட்டதைப் போலவே புதிதாக மாற்றுங்கள்.

கேள்வி: வண்டியை உயர்த்த ‘முழு லிஃப்ட் கிட்’ என்று வாங்கி, 50 மி.மீ. ஸ்பேசர்களை (இடைக்கட்டைகளை) ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் பொருத்தினேன். சில மாதங்களில் சிவி ஜாயின்ட்டின் (ஆக்சில் முனையில் வளைந்தபடி சுழலும் மூட்டு) ரப்பர் உறை கிழிந்து, டயரின் ஒரு விளிம்பும் தேய்ந்துவிட்டது. ‘உயர்த்தினால் அப்படித்தான்’ என்கிறார் விற்றவர்.

பதில்: நான்கு ஸ்பேசர்களையும் சில போல்ட்டுகளையும் பெட்டியில் வைத்து ‘முழு கிட்’ என்று விற்பதை நான் பல ஆண்டுகளாகக் கண்டித்து வருகிறேன். உடல் உயரும்போது எஞ்சினும் கியர்பாக்ஸும் கூடவே உயர்கின்றன. சக்கரங்களோ தரையிலேயே நிற்கின்றன. அதனால் கியர்பாக்ஸையும் சக்கரத்தையும் இணைக்கும் ஆக்சில் அதிகமாகச் சாய்ந்து, சிவி ஜாயின்ட் தன் எல்லைக் கோணத்தில் சுழலும்போது உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து கிழிகின்றன. கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே புகுந்தபின் ஜாயின்ட்டின் ஆயுள் சொற்பம்தான். பின்சக்கரம் மட்கார்டு வளைவுக்குள் முன்னோக்கி நகர்கிறது, கேம்பரும் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) மாறுகிறது. சப்ஃபிரேமுக்கும் (உடலின் அடியில் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) டிரெய்லிங் ஆர்முக்கும் (பின்சக்கரத்தை முன்பக்கமிருந்து பிடித்திருக்கும் கை) உரிய ஸ்பேசர்கள், கேம்பரைத் திருத்தும் போல்ட்டுகள், பொருத்திய உடனே வீல் அலைன்மென்ட் ஆகியவை சேர்ந்ததுதான் கிட். சப்ஃபிரேமை இறக்கினால் அதன் அடியில் கிடைக்கும் இடைவெளி அந்த அளவுக்குக் குறையும் என்பதையும் விற்பவர்தான் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். ‘முழு கிட்’ என்று அச்சிட்ட விளம்பரத்தை இணைத்து, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: சேற்றில் சிக்கினால் முன்பம்பரின் கீழுள்ள வளையத்தில் கயிறு கட்டி வெடுக்கென்று இழுக்கலாமா?

பதில்: கூடாது. அது லாரியில் ஏற்றும்போது வண்டியைக் கட்டி வைப்பதற்கான வளையம். பிய்த்துக்கொண்டு பறந்தால் உயிரை வாங்கும். சேஸிஸில் போல்ட் செய்யும், தாங்கும் எடை குறிப்பிட்ட கொக்கியை வாங்குங்கள்.

கேள்வி: பார்த்து வைத்திருக்கும் 1999 ஆட்டோமேட்டிக், ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்துத் திருப்பினால் துள்ளித் துள்ளி நகர்கிறது. ஒரு ஃபியூஸைச் செருகியதும் சரியாகிவிட்டது. விலை மலிவு. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த ஃபியூஸ் பின்சக்கரங்களுக்கு விசை போவதை நிறுத்துகிறது, குறையை நீக்குவதில்லை. ஃபியூஸ் இல்லாதபோது, பின்சக்கரங்களுக்கு விசையை அனுப்பும், கியர்பாக்ஸின் பின்பகுதியில் உள்ள கிளட்ச், திரும்பும்போது தேவையான அளவு விடுபடுவதில்லை. விற்பவர் தன் செலவில் அதைச் சரிசெய்து, ஃபியூஸ் இல்லாமல் ஓட்டிக் காட்டட்டும். அதன் பிறகு விலை பேசுங்கள்.