எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால்

அன்புள்ள ஐயா,

தமிழ்நாட்டு ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் தீயில் செத்தது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. என் அண்ணனுக்கு 41 வயது. மனச்சிதைவு நோய். சிங்கப்பூர் உட்லண்ட்சில் மூவறை வீட்டில் 72 வயது அம்மாவோடு இருக்கிறார். மருந்தை நிறுத்தி ஓராண்டு ஆகிறது. இரவில் எழுந்து வெளியே ஓடுகிறார் என்பதால் அம்மா அவர் கையைப் பழைய வேட்டியால் கட்டிலோடு கட்டுகிறார். கோயிலுக்குப் போகும்போது கேட்டை வெளியே பூட்டிவிட்டுப் போகிறார். என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆம்புலன்ஸ் வந்தால் புளோக் முழுவதும் தெரிந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். எங்கள் வீட்டில் சங்கிலி இல்லை, அன்பால்தான் கட்டுகிறோம். இதுவும் ஏர்வாடியும் ஒன்றா? சட்டப்படி இது குற்றமா? மனநோய் தீரும் என்று நம்பிப் போகிறார்களே, அந்தக் குணசீலம் கோயிலுக்கு அழைத்துப் போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் அம்மாவைக் கொடுமைக்காரி என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வயதில் நள்ளிரவில் ஒரு வளர்ந்த ஆணின் பின்னால் மின்தூக்கிவரை ஓடி, கையைப் பிடித்து இழுத்து வர யாரால் முடியும்? களைத்துப்போன உடம்பு கண்டுபிடித்த வழி அந்த வேட்டி. அவரை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆனால் கேட்டை வெளியே பூட்டுவதை இன்றே நிறுத்துங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் 28 பேர் செத்தார்கள். நடக்கத் தெரிந்தவர்கள், ஓடத் தெரிந்தவர்கள். கொட்டகை பற்றி எரிந்தபோது அவர்களைப் பிணைத்திருந்த சங்கிலியை அவிழ்க்க ஆள் இல்லை. உங்கள் வீட்டில் அடுப்பு இருக்கிறது, சாமி விளக்கு இருக்கிறது. சாவி அம்மாவின் கைப்பையில், அம்மா அர்ச்சனை வரிசையில். இரும்பாக இருந்தால் என்ன, பருத்தி வேட்டியாக இருந்தால் என்ன, அவிழ்க்க ஒரு கை வேண்டாமா? இதை யோசிக்காமல் “அன்பால் கட்டுகிறோம்” என்று எப்படி எழுத மனம் வந்தது உங்களுக்கு?

சட்டக் கேள்வியை வழக்கறிஞரிடம் கேளுங்கள். இந்தியாவின் 2017 மனநலச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் தடைசெய்கிறது என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். குணசீலம் தாராளமாகப் போங்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு, மருந்தோடு போங்கள்.

வரன் பற்றிய அந்த ஒரு வரிதான் என்னைத் தைத்துவிட்டது.

எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார். என் அம்மாவின் தம்பி. எழுபதுகளில் குவீன்ஸ்டவுன் வீட்டில் பின்னறை அவருடையது. பாட்டி பழைய சேலையைக் கிழித்துத் திரித்து அவர் கணுக்காலைக் கட்டிலோடு கட்டுவார். கட்டிய கையாலேயே சோறு பிசைந்து ஊட்டுவார். தோல் உரிந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவுவார், தடவிக்கொண்டே அழுவார். பிள்ளைகளான எங்களிடம், மாமாவுக்குக் காய்ச்சல், சத்தம் போடாதீர்கள் என்பார். சின்னம்மாவைப் பெண்பார்க்க வந்த நாளில் மாப்பிள்ளையின் தாயார் சாதாரணமாகத்தான் கேட்டார், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று. “பெண் இரண்டு, ஆண் ஒன்று” என்றார் பாட்டி. பெரிய மாமா அந்த ஒன்றாகக் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். பாட்டி உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் பின்னறைக் கதவுக்கும் பத்தடி இருக்காது.

கல்யாணம் நடந்தது. மாமா சாப்பிடுவதை நிறுத்தி எலும்பும் தோலுமான பிறகுதான் தாத்தா அவரை வுட்பிரிட்ஜ் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே ஊசி போட்டார்கள். பிறகு மாதாமாதம் ஊசி. அடுத்த ஆண்டு மாமா ஓர் அச்சகத்தில் தாள் அடுக்கும் வேலைக்குப் போனார். அந்த ஊசி ஊரில் இல்லாமலா இருந்தது? பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருந்தது. வுட்பிரிட்ஜ் என்றாலே நம் ஆட்களுக்கு வசைச்சொல். 1951இல் வைத்த பெயர் அது. 1993இல் மருத்துவமனை புவாங்கோக்குக்கு மாறி மனநலக் கழகம் ஆனது. இப்போது அந்தப் பெயரைச் சொல்லவும் கூசுகிறோம்.

மாமா என்னிடம் கயிற்றைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை. பாட்டி சாகும்வரை அவர்தான் பாட்டிக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். ஆனால் யார் வீட்டிலாவது “எத்தனை பிள்ளைகள்” என்ற பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். கதவுக்கு அப்பால் அன்று அவர் காது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கயிறு முதல் நாளே வருவதில்லை, எஸ். முதலில் பையன் கல்லூரியில் யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொல்கிறான். பரீட்சைப் பயம் என்கிறோம். பிறகு அறையை விட்டு வரமாட்டேன் என்கிறான். கண்ணேறு என்கிறோம். உறவினர் வந்தால் தூங்குகிறான் என்கிறோம். இப்படி ஒளித்து ஒளித்து ஆண்டுகள் போனபின் கட்டுவதற்குத் துணி தேடுகிறோம். ஏர்வாடி எரிந்த அதே 2001இல்தான் மனநலக் கழகம், நோயின் தொடக்கத்திலேயே இளையர்களுக்குச் சிகிச்சை தரும் திட்டத்தைத் தொடங்கியது. உங்கள் அண்ணன் அப்போது பதின்ம வயதுப் பையன். அவரிடம் முதல் மாற்றம் தெரிந்தது எந்த ஆண்டு? முதலில் டாக்டரிடம் போனது எந்த ஆண்டு? நடுவில் எத்தனை ஆண்டுகள்? மருந்தை நிறுத்தியது ஏன்? வரனைப் பற்றி எழுதிய நீங்கள் இவற்றில் ஒன்றைக்கூட எழுதவில்லை.

புளோக்குக்குத் தெரிந்துவிடும் என்கிறீர்களே, நள்ளிரவுச் சத்தம் பக்கத்து வீட்டுச் சுவரோடு நின்றுவிடுமா? அவர்களுக்கு எப்போதோ தெரியும். 2016 தேசிய ஆய்வின்படி சிங்கப்பூரில் ஏறக்குறைய 43 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சிதைவோ அதைச் சேர்ந்த நோயோ வருகிறது. உங்கள் மகளின் கல்யாணத்துக்கு வரும் கூட்டத்தில் எத்தனை குடும்பங்கள் இதே பொய்யைச் சொல்லிவிட்டு வந்து பந்தியில் உட்காரும், எண்ணிப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டிலும் ஒரு பின்னறை இருக்கலாம். அவர்கள் உங்களிடம் மறைத்தால் நாளை நீங்கள் கொதிக்க மாட்டீர்களா?

மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். மருந்தை நிறுத்திவிட்டார், இரவில் ஓடுகிறார், கட்டிவைக்கிறோம், பூட்டிவைக்கிறோம் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு எதையும் குறைக்காதீர்கள். பழைய மாத்திரையை நீங்களாக எடுத்துக் கொடுக்க வேண்டாம். தினமும் விழுங்க மறுப்பவர்களுக்கு மாதாந்தர ஊசி இன்றும் இருக்கிறது, அதைப் பற்றிக் கேளுங்கள். பராமரிப்பாளர்களுக்கு இலவசமாகப் பயிற்சி தரும் கேர்கிவர்ஸ் அலையன்ஸ் என்ற அமைப்பும் இங்கே இருக்கிறது. அங்கே நீங்கள் போங்கள். அம்மாவை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். வாரத்தில் எத்தனை இரவு நீங்கள் அந்த வீட்டில் தங்குகிறீர்கள்? இரண்டு இரவாவது அம்மா தூங்கட்டும்.

வரன் வீட்டாரிடம் பெண்ணுக்கு ஒரு தாய்மாமன் இருக்கிறார், உடம்பு சரியில்லை, வைத்தியம் நடக்கிறது என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். இதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும். அம்மா சம்மதிக்க மாட்டார் என்று தோன்றினால் எழுதுங்கள். உட்லண்ட்ஸ் எனக்கு ஒரு பஸ் தூரம்தான், நானே வந்து அவரிடம் பேசுகிறேன்.