ஜெபம் என்பது கடவுளோடு கொள்ளும் நெருங்கிய உறவு என்று கிறிஸ்தவர்கள் சொல்வதன் பொருள் என்ன?

கேள்வி கேட்டவர் இரண்டு சந்தேகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். மறுமொழி பேசாத ஒருவரோடு எப்படி உறவு கொள்ள முடியும் என்பது முதலாவது. அழகாகப் பேச வராதவர் எங்கே தொடங்குவது என்பது இரண்டாவது. நான் இறையியல் படித்தவன் அல்லன். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டீ மேக்கராக, அதாவது தூள் தயாரிப்பைக் கவனிப்பவராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவன். ஜெபத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி என் தாயாரைப் பார்த்துக் கற்றது. எஞ்சியது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையார் நடுவே வார்த்தை வராமல் நின்றபோது கற்றது.

என் தாயார், இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, கைக்குழந்தையாக இருந்த என்னையும் தூக்கிக்கொண்டு இலங்கை மலையகத்திலிருந்து இங்கே வந்தவர். கொழுந்து பறிக்கும்போது அவருடைய உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். பாட்டு முணுமுணுக்கிறார் என்று சிறு வயதில் நினைத்திருந்தேன். பள்ளி விடுமுறை நாளொன்றில் அவர் பின்னாலேயே தேயிலைச் செடி நிரைக்குள் நடந்தபோதுதான் அது பாட்டன்று என்பது தெரிந்தது. அன்றைய எடை எவ்வளவு வந்தது, மேஸ்திரி என்ன ஏசினார், பெரியவனுக்குக் காய்ச்சல் விட்டதா என்பதையெல்லாம் பக்கத்து நிரையில் நிற்கும் ஒருவரிடம் சொல்வதைப்போல ஆண்டவரிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். அதில் 'தாரும்', 'அருளும்' என்பவை குறைவாகவே இருந்தன. கேட்பதைக் காட்டிலும் சொல்வதே அதிகம்.

"நீங்கள் வேண்டிக்கொள்ளுமுன்பே உங்களுக்கு இன்னது தேவையென்று உங்கள் பிதா அறிந்திருக்கிறார்" என்ற பொருளில் இயேசு சொன்னது மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அறிந்திருப்பவரிடம் மறுபடியும் ஏன் சொல்ல வேண்டும் என்று வாலிப வயதில் நான் என் தாயாரிடம் வாதாடியிருக்கிறேன். அவர் விடை சொல்லவில்லை. மறுநாளும் 28 கிலோ பறித்த கதையை ஆண்டவரிடம் சொன்னார். பின்னாளில் எனக்கு விளங்கியது இதுதான்: தகவல் தருவதற்காக மட்டுமே பேசுவதென்றால் நம் வீடுகளில் பாதிப் பேச்சு நின்றுபோகும். வேலை முடிந்து வருகிறவரிடம் "வந்துட்டீங்களா?" என்று கேட்கிறோமே, அவர் வந்தது தெரியாமலா கேட்கிறோம்?

நெருக்கம் என்ற சொல்லைவிட நம் மொழியில் இதற்குப் பொருத்தமான சொல் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். அது 'உரிமை'. சட்டப் புத்தகத்து உரிமையைச் சொல்லவில்லை. "அவனுக்கு இந்த வீட்டில் உரிமை உண்டு, நேராக அடுப்பங்கரைக்கே போவான்" என்கிறோமே, அந்த உரிமை. லூக்கா 11ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமை இதைப் பற்றியது என்பது என் எண்ணம். நடுஇரவில் ஒருவன் சிநேகிதன் வீட்டுக் கதவைத் தட்டி மூன்று அப்பங்களைக் கடன் கேட்கிறான். உள்ளே இருப்பவன், கதவு பூட்டியாயிற்று, பிள்ளைகள் என்னோடு படுத்திருக்கிறார்கள், எழுந்துவர முடியாது என்கிறான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டியதில்லை. ஒரே அறை, வரிசையாகப் படுத்திருக்கும் பிள்ளைகளைத் தாண்டாமல் கதவுக்கு வர முடியாது. ஆனாலும் எங்கள் லயத்தில் இரவில் அரிசிக்குக் கதவு தட்டியவர்கள் உண்டு. முணுமுணுத்துக்கொண்டே எழுந்து கொடுத்தவர்களும் உண்டு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு "வருந்திக் கேட்கிறதினிமித்தம்" என்று கூறும் இடத்தில், கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல்லுக்கு வெட்கமின்மை, கூச்சமின்மை என்பதே நேர்ப்பொருள். உரிமை இல்லாத வீட்டுக் கதவை அந்த நேரத்தில் யாரும் தட்டமாட்டார்கள்.

கடவுளிடம் உரிமை கொண்டாடுவது தமிழருக்குப் புதிதன்று. சுந்தரரைத் தம்பிரான் தோழர், அதாவது சிவபெருமானின் தோழர், என்று சைவர்கள் போற்றுகிறார்கள். வேதாகமமும் ஆபிரகாமைத் தேவனுடைய சிநேகிதன் என்கிறது. ஒருவன் தன் சிநேகிதனோடு பேசுவதுபோலக் கர்த்தர் மோசேயோடு பேசினார் என்று யாத்திராகமம் 33ஆம் அதிகாரம் சொல்கிறது. இனி உங்களை ஊழியக்காரர் என்று சொல்லாமல் சிநேகிதர் என்கிறேன் என்று இயேசு தம் சீடர்களிடம் கூறுவது யோவான் 15ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் நம் சபைகளில் வழங்கும் ஜெபத் தமிழ் கடவுளை 'நீர்' என்று அழைக்கிறது. திருநெல்வேலிக்காரர்கள் இன்றும் தங்களுக்குள் அந்தச் சொல்லைச் சகஜமாகப் புழங்குகிறார்கள் என்பதை நான் அறிவேன். மலையில் வளர்ந்த எனக்கோ அது ஆலயத்துக்குள் மட்டுமே கேட்ட சொல்; மரியாதையும் தூரமும் ஒன்றாகக் கலந்த சொல். அந்தச் சொல்லில் நான் கெட்டிக்காரனாகத் தேறினேன். வீட்டுக் கூட்டங்களிலும் உபவாச ஜெபங்களிலும் என்னைத்தான் ஜெபிக்கச் சொல்வார்கள். வேதாகமப் பாடல்களாகிய சங்கீதத்திலிருந்து இரண்டு வரி, அப்போஸ்தலரின் கடிதமாகிய நிருபத்திலிருந்து ஒரு வரி என்று கோத்துப் பத்து நிமிடம் தடையின்றிப் பேசுவேன். அது உறவா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

2009ஆம் ஆண்டு நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகள் பலருக்கு நினைவிருக்கும். நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலைகள் பல இடங்களில் அறுந்துபோயின. எங்கள் வீட்டின் பின்சுவர் மட்டும் விழுந்தது. இரண்டு வளைவுகளுக்குக் கீழே இருந்த, எங்கள் சபையையே சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு அவ்வளவோடு போகவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனையில் நன்றி ஜெபம் செய்ய என்னை அழைத்தார்கள். வழக்கம்போலத் தொடங்கி, "எங்களைக் கண்மணிபோல் பாதுகாத்தீரே" என்ற இடத்துக்கு வந்தபோது, இரண்டாம் வரிசையில் அந்தக் குடும்பத்தின் மூத்த மகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டேன். அதற்குமேல் என் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து என் தாயாரின் குரல் கேட்டது: "ஆண்டவரே, எங்களுக்கு ஒண்ணும் புரியல. நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

ஆலயத்தில் அவர் ஒரு நாளும் 'நீ' என்று சொன்னவர் அல்லர். சிலர் முகம் சுளித்தார்கள். ஆராதனைக்குப் பின் ஒரு பெரியவர் அது அவபக்தி என்றே என்னிடம் சொன்னார். அந்த மகளோ, அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சத்தமிட்டு அழுதாள் என்று அவளுடைய சித்தி பிறகு சொன்னார்.

அவபக்தி என்று சொன்னவருக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. வேதாகமத்தில் பதில் இருந்தது, நான்தான் அதைத் தாண்டித் தாண்டி வாசித்து வந்திருந்தேன். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் புலம்பல்கள் என்று வேத அறிஞர்கள் வகைப்படுத்துகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை முடிவில் நம்பிக்கையை நோக்கித் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதமோ அப்படித் திரும்புவதில்லை. இருளும் கைவிடப்பட்ட நிலையுமாகவே அது முடிந்துவிடுகிறது. ஆயினும் அதன் முதல் வரி "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது. அந்நியரிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவர்மீது புகார்தான் கொடுப்போம். கோபித்துக்கொள்வதற்கு உரிமை வேண்டும். சாமுவேலின் தாய் அன்னாளும் இதைத்தான் செய்தாள். உதடுகள் மட்டும் அசைய அவள் ஜெபிப்பதைப் பார்த்த ஆசாரியன் ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கடிந்துகொண்டான். அவள் சொன்ன மறுமொழி, கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்பது. ஊற்றுகிற காரியத்தில் வரிசையும் அழகும் பார்க்க முடியாது.

இனி, மறுமொழி பேசாதவரோடு உறவு எப்படி என்பதற்கு வருகிறேன். என் காதில் எந்தக் குரலும் கேட்டதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். "ஆண்டவர் நேற்று என்னிடம் பேசினார்" என்று எளிதாகச் சொல்கிறவர்கள்மீது எனக்குக் கொஞ்சம் ஐயம் உண்டு. அவர்கள் எல்லாரும் பொய்யர் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் பேசுகிறவருடைய விருப்பத்தோடு ஒத்துப்போவதைக் கவனித்திருக்கிறேன். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபித்துக் கேட்டதே கிடைக்கவில்லை. அந்த வார்த்தைகளையே சொல்லி மூன்றாம் முறையும் ஜெபித்தார் என்று மத்தேயு 26ஆம் அதிகாரம் எழுதுகிறது. நீங்கும்படி அவர் கேட்ட பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. அந்த இரவில்தான் அவர் "அப்பா பிதாவே" என்று அழைத்ததாக மாற்கு எழுதுகிறார். நான்கு நற்செய்திகளிலும் 'அப்பா' என்ற அந்த அரமேயச் சொல் வருவது அந்த ஓரிடத்தில் மட்டுமே. நம் தமிழ் அப்பாவோடு அது ஒலியில் ஒத்திருப்பது தற்செயல். அதை வைத்து மொழி ஆராய்ச்சி செய்ய வேண்டாம். ஆனால் பொருளில் ஒன்று ஒத்திருக்கிறது. அது மழலைச் சொல் அன்று, வளர்ந்த பிள்ளைகளும் தகப்பனை அப்படித்தான் அழைத்தார்கள். ஐம்பது வயதிலும் அப்பாவை அப்பா என்றே அழைக்கும் நமக்கு, அந்தச் சொல்லுக்குள் செல்லமும் பயமும் மனத்தாங்கலும் எப்படி ஒன்றாக இருக்கும் என்பது தெரியும்.

மண்சரிவுக்குப் பிறகு ஏறக்குறைய ஓராண்டு நான் சபையில் ஜெபிக்க மறுத்துவிட்டேன். தொழிற்சாலையில் இரவுப் பணி இருக்கும் நாள்களில், வாட்டத் தொட்டிகளில் இலையை வாடுவதற்காகப் பரப்பி மின்விசிறிகளை ஓடவிட்ட பிறகு, இலையை நசுக்கும் உருளைகளை ஓட்டும் நேரம் வரை பல மணி நேரம் உண்டு. விசிறி இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அங்கேதான் வாய்விட்டுப் பேசப் பழகினேன். முதலில் திட்டினேன். பிறகு சொல்வதற்கு எதுவும் இல்லாமல் நின்றேன். அதன் பிறகு, அந்த மகளுடைய பெயரைச் சொல்லத் தொடங்கினேன். சில வாரங்களில் அவளுடைய கல்லூரிக் கட்டணத்தைப் பற்றிச் சபையில் பேசியது நானாக இருந்தேன். இதைக் கடவுளின் மறுமொழி என்று நான் நம்புகிறேன். என் மனசாட்சி என்று நீங்கள் சொன்னால் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். ஜெபிக்கும்போது உன் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டு என்று மத்தேயு 6:6 சொல்கிறதல்லவா? மூலத்தில் அந்தச் சொல் சாமான் வைக்கும் உள்ளறையைக் குறிப்பது. ஏழை வீடுகளில் அதுவும் இருந்திருக்காது. என் தாயாருக்குத் தேயிலை நிரை, எனக்கு விசிறிச் சத்தம்.

தினமும் மனம் பொங்கி வரும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். ஜெபத்தை நண்பரோடு தனித்திருந்து பேசுவதற்கு ஒப்பிட்ட ஸ்பெயின் நாட்டுக் கத்தோலிக்கத் துறவி அவிலா தெரேசாவே (1515–1582), பல ஆண்டுகள் ஜெப நேரம் எப்போது முடியும் என்று காத்திருந்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறார். எங்கள் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அக்கா, ஊட்டியிலுள்ள காந்தல் குருசடித் திருத்தலத்துக்குப் போகும் பேருந்தில் செபமாலை சொல்லும்போது பாதியில் தூங்கிவிடுவதாகச் சிரித்துக்கொண்டே சொல்வார். மனப்பாட ஜெபம் உறவாகாது என்று சொல்கிற எங்கள் புராட்டஸ்டன்ட் சபை ஆட்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சொந்த வார்த்தை வற்றிய நாள்களில், இயேசு கற்றுத்தந்த "எங்கள் பிதாவே" ஜெபம் மட்டுமே என்னைத் தாங்கியிருக்கிறது.

அழகாகப் பேச வராதவர் எங்கே தொடங்குவது என்ற இரண்டாவது கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்தது சிறிய அளவே. 13ஆம் சங்கீதத்தை எடுத்து வாய்விட்டு வாசியுங்கள், ஆறே வசனங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்கும். 'நீர்' உங்களுக்கு ஒட்டவில்லையென்றால் உங்கள் வீட்டில் வழங்கும் சொல்லைப் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாம் வசனத்தில், உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன் என்று வரும். அதைச் சொல்ல வாய் வராவிட்டால் நான்காம் வசனத்தோடு நிறுத்திவிட்டு எழுந்துவிடுங்கள். நானும் பல மாதங்கள் அங்கேதான் நிறுத்தினேன்.