ரசீது ஏன் மாமியார் வீட்டுக்குப் போனது?

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். தங்கை பாகப்பிரிவினை வழக்குப் போட்டாள். அப்பாவின் சொத்து, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யச் சொன்னது நீதிமன்றம். வீட்டையும் நிலத்தையும் காட்டினேன். 9 லட்ச ரூபாய் ஃபிக்ஸட் டெபாசிட்டைக் காட்டவில்லை. நான்தான் நாமினி, ஆஸ்பத்திரிச் செலவும் நான் செய்ததுதான். தங்கைக்குக் கல்யாணத்திலேயே 40 பவுன் போட்டாயிற்று. ரசீது என் மாமியார் வீட்டு பீரோவில் இருக்கிறது. அம்மா என்னோடுதான் இருக்கிறார். இப்போது தங்கைக்கு விஷயம் தெரிந்து, நீதிமன்ற அவமதிப்பு வழக்கு என்கிறாள். ஜெயில் வருமா? - பெயர் வேண்டாம், மதுரை

பதில்: வரலாம். 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கீழ்க் கோர்ட்டின் உத்தரவை மீறினாலும் தண்டிப்பது உயர் நீதிமன்றம். பொய்யான பிரமாணப் பத்திரம் தனிக் குற்றம். அது ஏழு ஆண்டு வரை போகும்.

ஆனால் வேண்டுமென்றே மீறியிருந்தால்தான் அவமதிப்பு. 'மறந்துபோச்சு' என்று நீங்கள் சொல்லிப் பார்க்கலாம். மறந்துபோன ரசீது எப்படி ஐயா மாமியார் வீட்டு பீரோவுக்குப் போகும்?

போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் உங்கள் கடிதமே. தங்கை உங்கள் வீட்டு அலமாரியைத் திறக்கப் போவதில்லை. திறக்கக்கூடியவர் அம்மா. அப்படியானால் யாரிடமிருந்து ஒளித்தீர்கள்? 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. நீங்கள் மூன்று பேர்தான் என்றால் 3 லட்சம் அம்மாவுடையது. அவருக்கு மூன்று வேளை சோறு போடுகிறேன் என்பீர்கள். போடுங்கள், அது கடமை. அவர் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு போடுகிற சோற்றுக்கு என்ன பெயர்?

நாமினி என்றால் பணத்தை வாங்கிக்கொள்ள வங்கி ஒத்துக்கொண்ட ஆள், அவ்வளவுதான். வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும். வங்கி டெபாசிட்டுக்கு 2010-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 40 பவுன் அப்பா தன் மகளுக்குப் போட்டது, அதைக் கழித்துக்கொள்ள நீங்கள் யார்? ஆஸ்பத்திரி பில் இருந்தால் கோர்ட்டில் காட்டிக் கேளுங்கள், அதில் வெட்கமில்லை. தகப்பனுக்குச் செய்த செலவை ஒளித்து வைத்து வசூலிப்பதுதான் வெட்கம்.

டெபாசிட்டை உடைக்காதீர்கள். அவமதிப்பு நோட்டீஸ் வரும் முன்பே வங்கி ஸ்டேட்மென்ட்டுடன் கூடுதல் பிரமாணப் பத்திரம் போட்டு, விட்டதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள். மன்னிப்பில் திருப்தியானால் தண்டனையை விட்டுவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மாட்டிக்கொண்ட பிறகு கேட்கிற மன்னிப்புக்கு அங்கே அவ்வளவு மதிப்பில்லை.

அதற்கும் முன்னால், இன்றைக்கே ரசீதை எடுத்து வந்து அம்மாவிடம் கொடுத்து, எங்கே இருந்தது என்பதையும் சொல்லுங்கள். வக்கீலிடம் அவரையும் அழைத்துப் போங்கள். இவ்வளவு நடந்த பிறகு உங்கள் வக்கீலே தனக்கும் போதுமா, தனி வக்கீல் வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும்.