கப்பலில் ‘முன்னுரிமை ஏற்றம்’: எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

ஹட்டனிலிருந்து சிங்கப்பூர் போய் உல்லாசக் கப்பல் ஏறவிருக்கும் ஒருவர், டிக்கெட்டோடு விற்கப்படும் ‘முன்னுரிமை ஏற்றம்’ என்னவென்று கேட்டிருக்கிறார். கூடுதல் பணம் கட்டித் துறைமுகத்தில் தனி வரிசையில் பயணப் பதிவை (செக்-இன்) முடித்து, மற்றவர்களுக்கு முன்னே கப்பலேறுவது, அவ்வளவுதான்.

பெரிய கப்பல்களில் 3,000 பேருக்கு மேல் ஏறுவார்கள். அத்தனை பேரின் கடவுச்சீட்டையும் பார்த்து, பைகளையும் சோதிக்க வேண்டும். முந்திய பயணிகள் பெரும்பாலும் அன்று காலைதான் இறங்கியிருப்பார்கள். ஊழியர்கள் அறைகளில் விரிப்பு மாற்றிக்கொண்டிருப்பார்கள். நெரிசல் இருக்கும் இடத்தில் முன்வரிசைக்கு விலை வந்துவிடுகிறது.

நானுஓயாவில் பதுளை ரயில் வந்து நிற்பதைப் பாருங்கள். ஆசனம் பதிவு செய்தவர் தேநீரை ஆற்றிக் குடிக்கிறார். பதியாதவர் ஜன்னல் வழியே குடையை எறிந்து இடம் பிடிக்கிறார். கப்பலில் அந்தக் குடைக்கு வேலையில்லை. அறை ஏற்கெனவே உங்களுடையது. கைக்குழந்தையோ முழங்கால் வலிக்கும் அம்மாவோ கூட வந்தால் வாங்கலாம். மற்றவர்களுக்கு அது வீண்செலவு என்பேன்.

முன்னுரிமை இருந்தால் தாமதமாகப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பதிவு மூடும் நேரம் எல்லோருக்கும் ஒன்றுதான், கடவுச்சீட்டுச் சோதனையும் யாருக்கும் விலக்கில்லை.