செராமிக்ல புரோட்டான் எந்த வழியா ஓடுது?

கேள்வி: செராமிக் நானோ பவுடர ஆசிட்ல ட்ரீட் பண்ணா புரோட்டான் கடத்தல் கூடுதுங்கறாங்க. மேல எதையோ ஒட்டுனா உள்ள என்ன சார் மாறும்?

பதில்: உள்ள ஒண்ணுமே மாறாது, விஷயமே அதுதான். இட்ரியம் சேர்த்த பேரியம் சிர்கோனேட் மாதிரி சிலது உள்ளுக்குள்ளயே புரோட்டான விடும், ஆனா அதுக்கு 400 டிகிரி பக்கம் சூடு வேணும். நீங்க கேக்கறது சிலிகா, சிர்கோனியா மாதிரி ஆக்சைடு பவுடர் கதை. இதுங்க மேல காத்துல இருக்கற ஈரம் படிஞ்சு மெல்லிசா ஒரு தண்ணி லேயர் நிக்கும், புரோட்டான் ஓடுறது அதுலதான். ஓடுறதுன்னு சொல்றேனே தவிர, ஒரு தண்ணி மூலக்கூறு பக்கத்துல இருக்கறதுக்கு ஒரு புரோட்டான தள்ளிவிட அது தன்கிட்ட இருக்கற இன்னொண்ண அடுத்ததுக்கு தள்ளும், அதனால இந்தப் பக்கம் ஏறுறதும் அந்தப் பக்கம் இறங்குறதும் ஒரே புரோட்டான் கிடையாது (1806லயே க்ரோத்தஸ்னு ஒருத்தர் போட்ட ஐடியா!).

நானோ எதுக்குன்னா பரப்புக்குத்தான். 1 மைக்ரான் சைஸ்ல 1 கிராம் சிர்கோனியாவுக்கு சுமார் 1 சதுர மீட்டர் பரப்பு, அதையே 10 நானோமீட்டர் ஆக்குனா 100. ஆனா வெறும் பரப்புல இருக்கற ஹைட்ராக்சில் (OH) சரியான கஞ்சன், புரோட்டான லேசுல விடாது. அங்க சல்ஃபோனிக் ஆசிட் குரூப் (கந்தகம் உள்ள பலமான ஆசிட்) வந்துட்டா தாராளமா விடும், கூடவே ஈரத்தயும் இழுத்து வெச்சுக்கும். சிலிகால மெர்காப்டோ சிலேன ஒட்டவெச்சு (கந்தகம் உள்ள சிலிக்கான் சேர்மம், நாத்தம் கொடலப் புடுங்கும்) அப்புறம் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டா அதுல உள்ள கந்தகம் ஆக்சிடைஸ் ஆகி சல்ஃபோனிக் ஆசிட் ஆயிடும்.

சில பேர் சும்மா பாஸ்பாரிக் ஆசிட்ல ஊறப்போட்டு காயவெச்சு அளந்துட்டு சூப்பர்ங்கறாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஒட்டாத ஆசிட் தண்ணில போயிடும், இந்தப் பவுடர் போகப்போற ஃப்யூயல் செல்லோ (ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேத்து கரண்ட் எடுக்கற கருவி) ஓட ஓட தண்ணியத்தான் உண்டாக்குது. நல்லா அலசிட்டு திரும்ப அளந்தாங்களா, எத்தனை சதவீதம் ஈரப்பதத்துலன்னு கேளுங்க, ஈரம் குறைஞ்சா கடத்தல் பல மடங்கு விழும்.

கேள்வி: அப்ப ஃப்யூயல் செல்ல போடற நஃபியான்ங்கற பிளாஸ்டிக் சவ்வுக்கு பதிலா இதையே போட்டுடலாமா?

பதில்: தனியா கஷ்டம். நல்ல ஈரத்துல 80 டிகிரில நஃபியான் சென்டிமீட்டருக்கு 0.1 சீமென்ஸ் (கடத்தல அளக்கற அலகு) கிட்ட தரும், சவ்வா வளையவும் செய்யும், பவுடர அழுத்துன வில்லை பொட்டுனு உடையும். ஆனா 100 டிகிரி தாண்டுனா நஃபியான் காய்ஞ்சு படுத்துடும், அதனால ட்ரீட் பண்ண துகள அதுக்குள்ள கலந்து ஈரத்த புடிச்சு வெக்கப் பாக்கறாங்க. ரொம்ப கொட்டுனா துகளெல்லாம் கட்டி கட்டியா சேந்துக்கும், சவ்வும் மொறுமொறுன்னு ஆயிடும்.